டைட்டானியம் ஸ்டெம் மாற்றினால் விரல் மரத்துப்போவது நிற்குமா?

வாசகர் கேள்விக்கு விளையாட்டு மருத்துவரின் பதில்

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 43, எடை 58 கிலோ. வார நாள்களில் முழுக்கக் கணினி வேலை. வார இறுதியில் காட்டுப் பாதைகளில் மலைச் சைக்கிள். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்டுடெயில் வைத்திருக்கிறார். முன்சக்கரத்தைத் தாங்கும், 120 மி.மீ. வரை அமுங்கக்கூடிய ஃபோர்க், 2.25 அங்குல டயர், உள்ளே டியூப், 40 பிஎஸ்ஐ காற்று.

ஆறு மாதங்களுக்கு முன் ஹேண்டில்பாரையும் அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மையும் ஒன்றாக மாற்றியிருக்கிறார். பழைய ஜோடியின் பிடிப்பு விட்டம் 31.8 மி.மீ., புதியதில் 35 மி.மீ. இரண்டு ஜோடியுமே அலுமினியம்தான். அதே நாளில், ஸ்டெம்முக்குக் கீழே இருந்த 20 மி.மீ. ஸ்பேசர்களை (உயரத்துக்காக வைக்கும் வளையங்கள்) எடுத்து மேலே போட்டுவிட்டார். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் பார்க்க நன்றாக இருக்கிறது என்பது காரணம். அதற்குப் பிறகுதான் நீண்ட இறக்கங்களின் முடிவில் வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகத் தொடங்கின. முதலில் சில நிமிடங்களில் சரியாகிவிடும். இப்போது மறுநாள் காலை வரை நீடிக்கிறது.

தீர்வாக அவர் நினைப்பது டைட்டானியம் ஸ்டெம். உடன் ஓட்டுபவர்களிடம் கேட்டபோது ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர், அது அதிர்வை அப்படியே உறிஞ்சிவிடும் என்கிறார். இன்னொருவர், அது வளைந்து கொடுக்கும், திருப்பினால் சைக்கிள் தாமதமாகத்தான் திரும்பும் என்கிறார். மூன்றாமவருக்கு அது வெறும் அழகுப் பொருள். நான்காமவர், டைட்டானியத்துக்கு ஆயுள் முடிவே இல்லை, பழையதைத் தாராளமாக வாங்கலாம் என்கிறார். ஐந்தாமவர், அது போல்ட்டோடு ஒட்டிக்கொண்டு கழற்றவே வராது, இல்லையென்றால் கிறீச்சிடும் என்கிறார். இதற்கிடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுப் பழைமையான டைட்டானியம் ஸ்டெம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நீளம் 70 மி.மீ., பிடிப்பு 31.8 மி.மீ. விற்பவர் முன்பணம் கேட்கிறார். வீட்டில் கணவரோ, சைக்கிளையே விட்டுவிடு என்கிறார். வாங்கலாமா என்பதே வாசகியின் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தின் கடைசிப் பத்தியில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "சட்டைப் பொத்தான் போடும்போது கை கொஞ்சம் தடுமாறுகிறது, சாவியைத் திருப்பும்போது பிடி நழுவுகிறது." ஸ்டெம்மைப் பற்றி நீங்கள் எழுதிய மூன்று பக்கங்களையும்விட எனக்கு முக்கியமானது இந்த வரிதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். உலோகத்துக்குப் பிறகு வருவோம்.

முதலில் கை

சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் சுண்டுவிரல் பக்கப் பாதிக்கும் உணர்வு தருவது அல்னார் நரம்பு. அது முழங்கையின் உட்புறம் வழியாக இறங்கி, மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிமேட்டில் இரண்டு சிறிய எலும்புகளுக்கு இடையே ஒரு குறுகிய வழியில் நுழைகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் கியோன் 1861இல் இதை விவரித்ததால் கியோன் கால்வாய் என்று பெயர். ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது உங்கள் உடல் எடை வந்து அமர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இந்த நரம்பு அழுந்துவது மருத்துவர்கள் நன்கறிந்த, பழைய தொல்லை.

மரத்துப்போவது மட்டும் இருந்தால், அழுத்தத்தை நீக்கிவிட்டுச் சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கலாம். பொத்தானும் சாவியும் தகராறு செய்தால் கதை வேறு. விரல்களை விரிப்பதும் சேர்ப்பதும், கட்டைவிரலைச் சுட்டுவிரலோடு பக்கவாட்டில் அழுத்துவதும் அல்னார் நரம்பு இயக்கும் சிறு தசைகளின் வேலை. அவை வலுவிழந்திருக்கின்றனவா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். ஒரு தாளை இரண்டு கைகளாலும் பிடியுங்கள், ஒவ்வொரு கையிலும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் இடையில். யாரையாவது தாளை இழுக்கச் சொல்லுங்கள். இடது கட்டைவிரல் நேராக நின்று பிடிக்க, வலது கட்டைவிரலின் நுனி மூட்டு மட்டும் மடங்கிக்கொண்டு பிடிக்க முயன்றால், வலுக்குறைவு இருக்கிறது என்று பொருள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே புறங்கைச் சதை மற்றக் கையைவிடக் குழிந்திருக்கிறதா என்றும் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல், இந்த வாரமே நரம்பியல் அல்லது கை அறுவை மருத்துவரைப் பாருங்கள். இரண்டுமே இல்லை என்றாலும், மறுநாள் வரை நீடிக்கும் மரப்பும் நழுவும் பிடியும் சேர்ந்திருப்பதால், இரண்டு வாரத்துக்குள் ஒரு பரிசோதனை தேவை என்பதே என் கருத்து.

ஒரு வேறுபாட்டைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். சுண்டுவிரல் பக்கப் புறங்கையும் மரத்துப்போகிறதா, உள்ளங்கைப் பக்கம் மட்டுமா? புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. புறங்கையும் மரத்தால் அழுத்தம் பெரும்பாலும் முழங்கையில் அல்லது அதற்கும் மேலே. புறங்கை தப்பித்திருந்தால் மணிக்கட்டில். நாள் முழுவதும் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றிக் கணினி பார்ப்பவர்களுக்கு இரண்டு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்திருப்பதுண்டு. கழுத்து எலும்புகளுக்கிடையே நரம்பு வேர் அழுந்தினாலும் இதே இரண்டு விரல்கள் மரக்கலாம். நீரிழிவு, தைராய்டு, பி12 குறைபாடு ஆகியவையும் நரம்பை எளிதில் புண்படக்கூடியதாக ஆக்கும். இவற்றை இரத்தப் பரிசோதனையிலும் நரம்புக் கடத்தல் சோதனையிலும் பிரித்தறியலாம். எந்த ஸ்டெம்மும் இந்த வேலையைச் செய்யாது.

நண்பர்கள் ஐவரும் பொய் சொல்லவில்லை

ஓட்டுபவர்களின் அனுபவத்தை நான் தள்ளிவிடுவதில்லை. மலைப் பாதையில் ஆண்டுக்கணக்கில் ஓட்டியவரின் உள்ளங்கை நல்ல அளவுகருவி. ஆனால் அந்தக் கருவி என்ன மாறியது என்று சொல்லும். எதனால் மாறியது என்று சொல்லாது. ஸ்டெம்மை மட்டும் மாற்றியவரைப் பார்ப்பது அரிது. கூடவே நீளம் மாறும், கோணம் மாறும், பெரும்பாலும் ஹேண்டில்பாரும், கை பிடிக்கும் உறையான கிரிப்பும் மாறும். பிறகு நன்றாக இருந்தால் புகழ் முழுவதும் டைட்டானியத்துக்கு. உங்கள் கதையும் இதன் மறுபக்கம்தான். மூன்று மாற்றங்களை ஒரே நாளில் செய்துவிட்டு, பழி முழுவதையும் அலுமினியத்தின் மேல் போட்டிருக்கிறீர்கள். விரல் மரக்காத நாள்களில் இருந்த பழைய ஸ்டெம்மும் அலுமினியம்தானே?

உலோகத்தின் கணக்கைப் பார்ப்போம். ஓர் உலோகம் எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் நெகிழ்வுக் குணகம் டைட்டானியக் கலவைகளுக்குச் சுமார் 105 முதல் 115 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70, எஃகுக்கு 200. அடர்த்தி அதே வரிசையில் கன சென்டிமீட்டருக்கு 4.5, 2.7, 7.8 கிராம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் மூன்றுக்கும் ஏறக்குறைய 25 என்றே வரும். அதாவது, எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் மூன்று உலோகங்களும் ஒரே விறைப்புத்தான். ஒரு பாகம் இளகியதா விறைப்பானதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது குழாயின் விட்டமும் சுவர்த் தடிமனும் நீளமும்.

நீளம் என்றேன். ஒரு முனையில் பிடிக்கப்பட்ட குழாயின் வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. 50 மி.மீ. நீளம், 34 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. சுவர் உள்ள ஓர் அலுமினியக் குழாயை ஸ்டெம்மாக எண்ணிக்கொண்டு, நுனியில் 50 கிலோ எடையை வைத்துக் கணக்கிட்டால் அது வளைவது சுமார் 0.01 மி.மீ. அதே நீளத்தில் 32 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. சுவரும் உள்ள டைட்டானியக் குழாய் 0.012 மி.மீ. வளைகிறது. பிடிப்புப் பகுதிகளின் நெகிழ்வையும் முறுக்கத்தையும் சேர்த்து இதைப் பத்து மடங்காக்கினாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். உங்கள் முன் டயரோ ஒரு கல்லின் மேல் ஏறும்போது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அமுங்குகிறது. அவ்வளவு பெரிய அசைவுக்கு நடுவில் 0.002 மி.மீ. வித்தியாசத்தை உங்கள் கியோன் கால்வாய் உணரும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இன்னொன்று: அலுமினியமோ எஃகோ டைட்டானியமோ அதிர்வைப் பெரிதாக விழுங்குவதில்லை. கணீரென்று ஒலிக்கும் பொருள்கள் எல்லாமே அதிர்வைத் தக்கவைத்துக்கொள்பவை. டைட்டானியமும் அந்தச் சாதிதான். உங்கள் சைக்கிளில் அதிர்வை உண்மையிலேயே வெப்பமாக்கித் தீர்ப்பவை டயரின் ரப்பரும் ஃபோர்க்கின் எண்ணெயும் கிரிப்பும்.

அப்படியானால் "உறிஞ்சுகிறது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1990களிலிருந்து. அப்போது மலைச் சைக்கிளில் 120, 135 மி.மீ. ஸ்டெம்கள் சாதாரணம். பலவற்றில் சஸ்பென்ஷன் ஃபோர்க்கே கிடையாது. மேலே சொன்ன கணக்கில் 135 மி.மீ. ஸ்டெம், 50 மி.மீ. ஸ்டெம்மைப்போல் கிட்டத்தட்ட இருபது மடங்கு வளையும். மெலிந்த டைட்டானியக் குழாயில் செய்தால் அதற்கும் மேலே. அதை உணர்ந்தவர்கள் உணர்ந்ததைத்தான் சொன்னார்கள். நின்று மிதித்து ஏறும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கம் முறுகுவதைச் சொல்லி அதே ஸ்டெம்மைக் குறைகூறியவர்களும் சரியாகத்தான் சொன்னார்கள். உங்கள் முதல் நண்பரும் இரண்டாம் நண்பரும் ஒரே உண்மையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று 35 முதல் 50 மி.மீ. வரை சுருங்கிவிட்ட ஸ்டெம்மில் அந்த நன்மையும் இல்லை, அந்தத் தொல்லையும் பெரிதாக இல்லை.

மூன்றாம் நண்பர் கொஞ்சம் கடுமை. டைட்டானியத்துக்கு அழகைத் தவிர வேறு மதிப்பும் உண்டு. ஓட்டும்போது நெற்றி வியர்வை சொட்டுச் சொட்டாக விழும் இடம் ஸ்டெம்மின் மேற்புறம். அலுமினிய ஸ்டெம்மில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றிப் பூச்சு வெளுத்து, வெள்ளைப் பொடி பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். டைட்டானியத்தின் மேல் தானாகவே உருவாகும் ஆக்சைடு படலம் வியர்வைக்கு அசையாது. உரிந்துபோகப் பூச்சே இல்லை, சிராய்ப்பு விழுந்தால் தேய்த்துவிடலாம். எடையில் கிடைக்கும் லாபம் சில பத்து கிராம்கள். தண்ணீர்க் குப்பியில் இரண்டு வாய் குறைத்து நிரப்பினால் அதே லாபம். ஆசைக்காக ஒரு நல்ல ஸ்டெம் வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. மருந்தாக வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அந்த இருபது ஆண்டுப் பழைய ஸ்டெம்

நான்காம் நண்பரின் பேச்சுத்தான் எனக்குக் கவலை தருகிறது. டைட்டானியத்துக்கும் எஃகுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு: குறிப்பிட்ட அளவுக்குக் கீழான தகைவை, அதாவது சுமையால் உள்ளே எழும் விசையை, திரும்பத் திரும்பத் தந்தாலும் அவை நெடுங்காலம் களைப்படைவதில்லை. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. "ஆயுள் முடிவே இல்லை" என்பது இதிலிருந்து பிறந்த வாசகம். ஆனால் அந்த எல்லை, ஒழுங்காகச் செய்யப்பட்ட பழுதற்ற உலோகத்துக்கு உரியது. பற்றவைத்த ஸ்டெம்முக்கு அதை அப்படியே கொடுத்துவிட முடியாது.

டைட்டானியம் சூடாக இருக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உள்ளிழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மை அடைகிறது. அதனால்தான் அதை ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில், குழாயின் உட்புறத்தையும் ஆர்கானால் நிரப்பிப் பற்றவைக்கிறார்கள். வேலை சுத்தமாக நடந்திருந்தால் பற்றவைப்பு வெள்ளி நிறத்தில், அல்லது இளம் வைக்கோல் நிறத்தில் இருக்கும். நீலம் சந்தேகத்துக்குரியது. சாம்பலும் சுண்ணாம்பு வெண்மையும் கண்டால் எடுத்துக்கொள்ளவே கூடாது. இதில் ஒரு சங்கடம்: நீங்கள் பார்த்த ஸ்டெம் பிரஷ் போட்டுத் தேய்த்தது என்கிறீர்கள். தேய்த்தால் இந்த நிறச் சாட்சியம் மறைந்துவிடும். ஸ்டீரர் குழாய் (ஃபோர்க்கிலிருந்து மேலே வரும் குழாய்) நுழையும் துளைக்குள் டார்ச் அடித்து, பற்றவைப்பின் பின்பக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே யாரும் தேய்த்திருக்க மாட்டார்கள்.

விரிசல் தொடங்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: பற்றவைப்பு முடிந்து குழாய் தொடங்கும் விளிம்பு, பின்புறப் பிளவின் முனைகள், முன் மூடியின் போல்ட் ஓட்டைகள். ஸ்டெம்மைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியோடு இந்த மூன்றையும் பாருங்கள். தலைமயிர் அளவுக் கோடு தெரிந்து, நகத்தால் குறுக்கே வருடும்போது தட்டினால் பேரம் அதோடு முடிந்தது. நகத்தில் தட்டவில்லை என்பதால் விரிசல் இல்லை என்று ஆகிவிடாது. இயந்திரப் பட்டறைகளில் சாயம் ஊற்றி விரிசல் தேடும் சோதனை செய்கிறார்கள். விற்பவர் அதற்குச் சம்மதித்தால் செய்துபாருங்கள், மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

விரிசலே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இன்னொரு கேள்வி நிற்கிறது. அது எந்த ஹேண்டில்பாருக்காகச் செய்யப்பட்டது? அந்தக் காலத்து ஹேண்டில்பார்கள் இப்போதையவற்றைவிடக் கணிசமாகக் குறுகியவை. உங்களுடையது 780 மி.மீ. அகலம். கை ஸ்டெம்மிலிருந்து தள்ளித் தள்ளிப் போகப் போக, ஒரு கையால் இழுக்கும்போது ஸ்டெம் தாங்கவேண்டிய முறுக்கமும் அதே விகிதத்தில் கூடுகிறது. சைக்கிளின் திருப்பும் பாகங்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 4210 தரத்தின் ஐந்தாம் பகுதி இருக்கிறது. தயாரிப்பாளர் யார், எந்த வகை ஓட்டத்துக்காக அதைச் செய்தார், எவ்வளவு அகலம் வரை அனுமதிக்கிறார் என்பது எழுத்தில் கிடைக்காத ஸ்டெம்மைக் கடினமான இறக்கங்களில் நம்ப வேண்டாம். ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் உடைந்தால் பெரும்பாலும் முன்னறிவிப்புக் கிடைக்காது. விழுவது முகத்தின் மேல். உத்தரவாதமும் பல தயாரிப்பாளர்களிடம் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடுகிறது. இன்றும் டைட்டானியம் ஸ்டெம் செய்யும் மூட்ஸ் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. ஆசை தீராவிட்டால், கை குணமான பிறகு, தகவலோடு வரும் புதிய ஒன்றைப் பற்றி யோசிக்கலாம்.

ஐந்தாம் நண்பர் சொன்னது உண்மை. அவ்வளவு பயப்படவும் வேண்டாம். டைட்டானியத் திருகுகள் உலர்ந்த நிலையில் ஒன்றையொன்று கவ்விப் பற்றிக்கொள்ளும் குணம் கொண்டவை. திருகு பற்றாமல் தடுக்கும் பசையைத் தடவி, ஸ்டெம்மில் எழுதியுள்ள அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கினால் போதும். எம்5 (5 மி.மீ. விட்டம்) போல்ட்டுக்குப் பொதுவாக 5, 6 நியூட்டன் மீட்டர் என்றிருக்கும். அலுமினிய ஸ்டீரர் குழாயோடு சேரும்போது வியர்வை உப்பு இடையில் புகுந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான், எனவே அங்கேயும் மெல்லிய கிரீஸ் படலம் வேண்டும். கிறீச்சொலியில் பெரும்பகுதி அழுக்கும் உலர்ந்த போல்ட்டும் எழுப்புவது. துடைத்து மாட்டிய பிறகும் ஒலி தொடர்ந்தால் விரிசலைத் தேடுங்கள்.

இத்தனைக்கும் மேலாக, அந்த ஸ்டெம்மின் அளவே உங்களுக்கு எதிரானது. இப்போது இருப்பது 45 மி.மீ.; அது 70. கை இன்னும் 25 மி.மீ. முன்னால் போகும், உடல் இன்னும் குனியும், உள்ளங்கையில் எடை கூடும். செருப்பு கடித்தால் முதலில் அளவைத்தான் பார்க்கிறோம், தோலின் ரகத்தை அல்ல.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதன் பிடிப்பு 31.8 மி.மீ. என்பதால், அதை மாட்டினால் நீங்கள் பழைய ஹேண்டில்பாருக்குத் திரும்பியாக வேண்டும். அந்த ஹேண்டில்பாரால் கைக்குக் கொஞ்சம் சுகம் கிடைத்தாலும் கிடைக்கும். உடனே "டைட்டானியம்தான் காப்பாற்றியது" என்று ஆறாவது கருத்தாளராக நீங்கள் சேர்ந்திருப்பீர்கள்.

சைக்கிளில் செய்யவேண்டியவை, இந்த வரிசையில்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு பழகிய அதே பாதையில் ஒருமுறை, ஆனால் பாதித் தூரம் மட்டும். விரல் மரக்கத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் பார்த்து அனுமதிக்கும்வரை நீண்ட இறக்கங்கள் வேண்டாம்.

முதலில் ஸ்பேசர்கள். மேலே கிடக்கும் 20 மி.மீ. ஸ்பேசர்களைக் கீழே கொண்டுவாருங்கள். நல்லவேளையாக நீங்கள் ஸ்டீரர் குழாயை வெட்டவில்லை. மேல்மூடியைக் கழற்றி மாட்டும்போது குழாயின் விளிம்பு ஸ்டெம்முக்கோ ஸ்பேசருக்கோ 3 மி.மீ. அளவு உள்ளே தாழ்ந்திருக்க வேண்டும். ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் மேல்மூடியை முறுக்கி, பிறகு பக்கவாட்டுப் போல்ட்டுகளை முறுக்குங்கள். இருக்கையின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் அதையும் மட்டப்படுத்துங்கள். சாய்ந்த இருக்கை உங்களை ஓயாமல் முன்னால் சறுக்க வைக்கும். அதைத் தாங்குவது கைதான்.

அடுத்தது டயர். 58 கிலோ எடைக்கு 2.25 அங்குல டயரில் 40 பிஎஸ்ஐ மிக அதிகம். இரண்டு மூன்று பிஎஸ்ஐயாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். டியூப் இருப்பதால் மிகவும் குறைத்தால் கல்லில் மோதும்போது சக்கர விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கும். 28 அருகில் நின்று பாருங்கள். டியூப் இல்லாத அமைப்புக்கு மாறினால் இன்னும் கீழே போகலாம். ஸ்டெம்முக்காக எடுத்துவைத்த தொகையில் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

ஃபோர்க்கைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குச் சிரிப்பையும் வருத்தத்தையும் தந்தது. வாங்கிய நாளில் கடையில் அடித்த காற்று, இன்றுவரை மாற்றவில்லை. ஃபோர்க் காலில் உள்ள ரப்பர் வளையம் பாதியைத் தாண்டியதே இல்லை. அப்படியானால் 120 மி.மீ. ஃபோர்க்குக்கு விலை கொடுத்துவிட்டு 60 மி.மீ. ஃபோர்க்கை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஓட்டும் உடையில், நின்ற நிலையில் ஏறி நிற்கும்போது ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் 20 சதவீதம் அளவு, அதாவது சுமார் 24 மி.மீ. அமுங்கும்வரை காற்றை இறக்குங்கள். காற்று குறைந்ததும், அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மீள்வேகத் திருகையும் அதற்கேற்ப ஓரிரு சொடுக்கு திறக்க வேண்டியிருக்கும்.

பிரேக் லீவரை எட்டிப் பிடிக்கக் கையை முன்னால் நகர்த்தவேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிறிய கைக்காரர்களுக்கு வரும் தொல்லை இது. இறக்கம் முழுவதும் மணிக்கட்டு பின்னால் மடிந்தபடியே, உள்ளங்கை அடிமேட்டால் ஊன்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். பெரும்பாலான ஹைட்ராலிக் லீவர்களில் எட்டும் தூரத்தைக் குறைக்கச் சிறு திருகு உண்டு. சுட்டுவிரலின் நுனிக் கணு லீவரில் விழும்வரை அதைத் திருப்புங்கள். பிறகு, நின்று ஓட்டும் நிலையில் முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் வரும்படி லீவரின் சாய்வைச் சரிசெய்யுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, ஓர் ஆறுமுகச் சாவி போதும்.

இவை எல்லாம் முடிந்த பிறகும் மரப்பு மிச்சமிருந்தால், பழைய 31.8 ஹேண்டில்பாரையும் அதன் ஸ்டெம்மையும் திரும்ப மாட்டிப் பாருங்கள். சுவர்த் தடிமன் ஒன்றாக இருந்தால் 35 மி.மீ. குழாயின் மையப்பகுதி 31.8ஐவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பு. ஸ்டெம்மின் 45 மி.மீ. எங்கே, கைப்பிடி வரை நீளும் ஹேண்டில்பாரின் 300 மி.மீ. எங்கே! வளைந்து கொடுப்பதைத் தேடுவதென்றால் தேடவேண்டிய இடம் ஹேண்டில்பார். பழைய ஜோடியை விற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள், ஆகவே இந்தச் சோதனை உங்களுக்கு இலவசம். கிரிப்பில், உள்ளங்கை அடிமேட்டுக்குப் பின்னால் தட்டையாக விரியும் வகை சிலருக்கு நன்றாக உதவுகிறது. தடித்த ஜெல் திண்டு வைத்த கையுறையில் கவனம் தேவை. திண்டு சரியாகக் கால்வாயின் மேலேயே உட்கார்ந்தால் அழுத்தம் கூடும்.

வீட்டில் சொல்வதைப் பற்றி

உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பிடி நழுவும் கையோடு இறக்கத்தில் பிரேக் பிடிப்பது ஆபத்து. ஆனால் "விட்டுவிடு" என்பதற்கும் "கொஞ்ச நாள் நிறுத்து" என்பதற்கும் நிறைய தூரம். வலுக்குறைவு இல்லாமல், அழுத்தத்தால் மட்டும் வந்த மரப்பு, அழுத்தம் நீங்கியபின் வாரங்களிலோ சில மாதங்களிலோ பெரும்பாலும் திரும்பிவிடும். நரம்பு மெதுவாகத்தான் தேறும், அதனால் ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று அடுத்த பாகத்தைத் தேடிப் போகாதீர்கள். அந்த நாள்களில் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுவதையும், தூங்கும்போது முழங்கையை முழுக்க மடக்கி வைப்பதையும் தவிருங்கள். கடத்தல் சோதனை முடிவு வரும் நாளில் அவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போனால், எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இருவருமே நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

விற்பவருக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம். வேறு யாராவது அந்த ஸ்டெம்மை வாங்கிக்கொண்டு போனால் போகட்டும். மருத்துவரிடம் போகும்போது கையைப் பற்றிய குறிப்போடு, சைக்கிளில் நீங்கள் கைவைத்து அமர்ந்திருக்கும் நிலையைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். மணிக்கட்டு மடிந்திருப்பது அதில் தெரியும்.